மல்லாட்டைக் கொல்லையிலிருந்து வெளிநாட்டுத் தன்னார்வப் பணிக்கு: வேளாண் தொடர்பியல் பட்டதாரிகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

“தொடர்பியல் படித்திருக்கிறேன், வேளாண்மையில் ஆர்வம் உண்டு, வெளிநாட்டில் ஓராண்டு தன்னார்வலராகப் பணியாற்ற ஆசை. எங்கிருந்து தொடங்குவது?” வேலூர்ப் பக்கத்துக் கல்லூரிகளில் படித்து வெளியே வந்த தம்பி தங்கைகள் இப்படிக் கேட்கும்போதெல்லாம் ஒரே பதிலைத்தான் சொல்கிறேன்: வேலூர் பக்கத்து அணைக்கட்டு ஊரிலிருந்து தொடங்குங்கள். இல்லையென்றால் குடியாத்தத்திலிருந்து, பேரணாம்பட்டிலிருந்து, உங்கள் பாட்டி ஊரிலிருந்து. விமானம் ஏறுவது ஏழாவது படிக்குப் பிறகுதான் வரும்.

நான் கிழக்கு உகாண்டாவில் உழவர்களுக்கான வானொலி நிகழ்ச்சிகளில் பத்து மாதம் தன்னார்வலராக இருந்தேன். அங்கே என்னை அழைத்ததற்குக் காரணம் என் மதிப்பெண் பட்டியல் அல்ல, அணைக்கட்டுப் பக்கம் நான் எழுதித் திருத்திய ஒரு பக்கத் துண்டறிக்கை. அதைப் பற்றி இரண்டாம் படியில் சொல்கிறேன்.

படி 1: எந்த வேலை என்று பிரித்தறியுங்கள்

‘தொடர்பியல் தன்னார்வலர்’ என்ற ஒரே பெயரில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, நிறுவனத்தின் பணியை வெளியுலகுக்குக் காட்டுவது: ஆண்டறிக்கை, புகைப்படம், செய்திமடல், சமூக ஊடகப் பதிவு. மற்றொன்று, உழவருக்குத் தேவையான செய்தியை அவருக்குப் புரியும் வழியில் கொண்டுசேர்ப்பதும், அவர் சொல்வதை ஆய்வாளரிடம் கொண்டுபோவதும். விளம்பரத்தில் ‘நன்கொடையாளர்’ என்ற சொல் அதிகம் வந்தால் அது முதல் வகை. ‘உழவர் குழு’, ‘வானொலி’, ‘விரிவாக்கம்’ (ஆய்வு முடிவுகளை உழவரிடம் கொண்டுசேர்க்கும் பணி) என்று வந்தால் இரண்டாம் வகை. இரண்டும் நேர்மையான வேலைகள்தான். ஆனால் ஒன்றை எதிர்பார்த்துப் போய் மற்றொன்றில் மாட்டிக்கொண்டால் பத்து மாதமும் கசந்துபோகும்.

இரண்டாம் வகைக்கு நம் நாட்டிலேயே ஆழமான வரலாறு உண்டு. 1960களில் தஞ்சாவூரில் ஆடுதுறை 27 நெல், வானொலிப் பண்ணை ஒலிபரப்பு வழியாகப் பரவியதால் ‘ரேடியோ நெல்’ என்றே பெயர் பெற்றது. 1975-76இல் செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சி சென்றது. நாட்டுக்கு வெளியே, பிலிப்பைன்ஸில் லாஸ் பனோஸ் நகரில் ‘வளர்ச்சித் தொடர்பியல்’ என்ற துறைக்குப் பெயரிட்டு அடித்தளம் போட்டவர் பேராசிரியர் நோரா கெப்ரால். நேர்காணலுக்குப் போகும்முன் இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். எந்த மரபில் கால் வைக்கிறோம் என்று தெரிந்தவருடைய பேச்சே வேறு மாதிரி இருக்கும்.

படி 2: உங்கள் ஊரில் ஒரே ஒரு செய்தியை உழவர் கையில் சேருங்கள்

அவசரப்படக் கூடாத படி இது. இதற்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

என் துண்டறிக்கையின் முதல் வடிவம் இது: ‘நிலக்கடலையில் விதைத்த 40-45ஆம் நாளில் எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கவும்.’ வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைதான், பிழை ஏதும் இல்லை. அணைக்கட்டுப் பக்கம் ஒரு பெரியவரிடம் கொடுத்தேன். படித்துப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, இது யாருக்கு எழுதியது?”

அவர் ஊரில் அந்தப் பயிருக்கு மல்லாட்டை என்று பெயர். நிலத்தைக் காணியில் சொல்கிறார்கள், எருவை மூட்டையில் எண்ணுகிறார்கள். நாள் கணக்கு யாரும் வைப்பதில்லை, ‘இரண்டாம் களை எடுக்கும்போது’ என்றால் எல்லோருக்கும் தெரியும். திரும்பி வந்து கணக்குப் போட்டேன். எக்டேருக்கு 400 கிலோ என்றால் ஏக்கருக்கு 160 கிலோ. ஒரு காணி 1.32 ஏக்கர், ஆகவே காணிக்கு ஏறக்குறைய 211 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டை நான்கும், மேலே கொஞ்சமும். இரண்டாம் வடிவம் இப்படி ஆனது: ‘மல்லாட்டைக்கு இரண்டாம் களை எடுத்து மண் அணைக்கிறபோது, காணிக்கு நான்கு மூட்டைக்குச் சற்று மேலாக ஜிப்சம் போடுங்கள். காய் திரண்டு வரும், பொக்கு குறையும்.’

இரண்டு வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நடுவில் பெரியவரின் கேள்வியையும் எழுதி, விண்ணப்பத்தோடு அனுப்பினேன். நேர்காணலில் அரை மணி நேரம் அதைப் பற்றித்தான் பேச்சு.

நீங்கள் செய்ய வேண்டியதும் இவ்வளவுதான். ஒரு பயிர், ஒரு செய்தி, ஒரு பருவம். நம் பக்கத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை: முதல் மழைக்குப் பிறகு மானாவாரி மல்லாட்டையில் வரும் சிவப்புக் கம்பளிப்புழு, இலவம்பாடி முள்ளுக்கத்தரி, பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைக் கழிவால் உவர்ந்துபோன கிணறுகள், மக்காச்சோளப் படைப்புழு. கடைசியாகச் சொன்னதைக் கூடுதலாகக் கவனியுங்கள். அந்தப் புழு 2016இல் ஆப்பிரிக்காவிலும் 2018இல் இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. அதைப் பற்றி இங்கே செய்த வேலை, கடல் கடந்தும் பேசும்.

செய்தி சரியானதா என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டு உறுதி செய்யுங்கள். நாம் தொடர்பியல் படித்தவர்கள், பூச்சியியல் படித்தவர்கள் அல்லர். தவறான மருந்தளவை அழகாகப் படம் பிடித்துக் கொடுப்பதைவிடப் பெரிய தீங்கு இந்தத் துறையில் இல்லை.

பிறகு சோதியுங்கள். பத்துப் பேரிடம் காட்டி, “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். மரியாதைக்காக எல்லோரும் தலையாட்டுவார்கள். “பக்கத்து நிலத்துக்காரருக்கு நீங்கள் இதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேளுங்கள். அவர்கள் விட்டுவிடும் இடம் நீங்கள் திருத்த வேண்டிய இடம். பெண்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். களை எடுப்பவர்கள் அவர்கள், ஆனால் கூட்டத்தில் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்கள்.

படி 3: மூன்று மாதிரிகள் கொண்ட கோப்பு

ஒரு துண்டறிக்கை (திருத்துவதற்கு முன்னும் பின்னும்), மூன்று நிமிட வீடியோ, ஐந்து நிமிட ஒலிப்பதிவு. இது போதும். கைப்பேசியில் எடுத்தால் குறையில்லை, ஆனால் சட்டையில் குத்தும் சிறிய மைக் ஒன்றை வாங்கிவிடுங்கள். வயல் காற்றில் படம் எப்படியும் நன்றாக வரும், குரல்தான் கெடும். வீடியோவில் முகம் தெரிகிற ஒவ்வொருவரிடமும் சம்மதம் பெற்று, அதை எங்கே காட்டப் போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஆங்கில வசன வரி கட்டாயம்.

ஒலிப்பதிவைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். ஆப்பிரிக்கக் கிராமங்களில் வானொலிக்கு இன்றும் பெரிய இடம் உண்டு. கனடாவின் பண்ணை வானொலி அமைப்பான ஃபார்ம் ரேடியோ இன்டர்நேஷனல் தோன்றிய கதையே நமக்கு ஒரு பாடம். அதன் நிறுவனர் ஜார்ஜ் அட்கின்ஸ் 1975இல் சாம்பியாவில் ஒலிபரப்பாளர்களுடன் பயணம் செய்தபோது, ஒருவர் டிராக்டர் ஸ்பார்க் பிளக் பராமரிப்பைப் பற்றி நிகழ்ச்சி செய்ததாகச் சொன்னார். கேட்கும் உழவர்களில் டிராக்டர் வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே, மற்றவர்கள் மாடு பூட்டி உழுபவர்கள். அந்த உறுத்தலிலிருந்து 1979இல் அமைப்பு பிறந்தது. அவர்களுடைய வானொலிப் பிரதிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பத்துப் பிரதிகளையாவது படியுங்கள். உழவர்களையே நடிக்கவைத்துப் படம் எடுக்கும் முறைக்கு, பெங்களூரில் தொடங்கிய டிஜிட்டல் கிரீன் என்னும் அமைப்பின் வீடியோக்களைப் பாருங்கள்.

படி 4: எங்கே தேடுவது

முதலில் வீண் தேடலைத் தவிர்ப்போம். அமெரிக்காவின் பீஸ் கோர் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். ஜப்பானின் கடல்கடந்த தன்னார்வலர் திட்டம் ஜப்பானியருக்கு மட்டும். ‘வூஃப்’ என்னும் திட்டத்தில் இயற்கைப் பண்ணையில் உடலுழைப்பு தந்து உணவும் தங்குமிடமும் பெறலாம். நல்ல அனுபவம், ஆனால் நம் துறை வேலை அல்ல.

நமக்கு முதன்மையான வாயில் ஐ.நா. தன்னார்வலர் திட்டம். 1970இல் தொடங்கப்பட்டது, தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். 18 முதல் 26 வயது வரை இளையோர் பிரிவு உண்டு, 27 வயதுக்கு மேல் வேறு பிரிவு. தேர்வானால் வாழ்க்கைச் செலவுப் படி, காப்பீடு, பயணச் செலவு கிடைக்கும். அடுத்து, ரோமில் உள்ள ஐ.நா. உணவு வேளாண் நிறுவனத்தின் பயிற்சிப் பணிகள். அதன்பின் பன்னாட்டு ஆராய்ச்சி மையங்கள்: லாஸ் பனோஸில் நெல், நைரோபியில் கால்நடை, இபதானில் வெப்பமண்டலப் பயிர்கள், லிமாவில் உருளைக்கிழங்கு. நம் அருகிலேயே, ஹைதராபாத் பக்கத்துப் பட்டன்செருவில் உள்ள இக்ரிசாட் மல்லாட்டைக்கும் சிறுதானியத்துக்கும் உலக மையம். மல்லாட்டை நாட்டிலிருந்து வருபவருக்கு அது இயல்பான முதல் கதவு என்பேன்.

கல்விக் கடன் தவணை தொடங்கிவிட்டதா? உடனே வெளிநாடு போக வேண்டாம். ஐ.நா. திட்டத்தின் இணையவழித் தன்னார்வப் பணியில் சேருங்கள். வீட்டிலிருந்தபடியே வாரத்துக்குச் சில மணி நேரம் மொழிபெயர்ப்பு, வடிவமைப்பு, எழுத்துப் பணி செய்யலாம். ஊதியம் இல்லை, ஆனால் சான்றிதழும் பரிந்துரைக்க ஒருவரும் கிடைப்பார்கள். பகலில் ராணிப்பேட்டையில் வேலை பார்த்துக்கொண்டே இரவில் இதைச் செய்தவர்களை எனக்குத் தெரியும்.

படி 5: விண்ணப்பமும் நேர்காணலும்

தன்விவரம் இரண்டு பக்கம் தாண்டக் கூடாது. ‘கடின உழைப்பாளி’ என்பதை நீக்கிவிட்டு, ‘24 உழவர்களிடம் சோதித்து மூன்று முறை திருத்தியது’ என்பதுபோல நீங்கள் உண்மையில் செய்ததை எண்ணோடு எழுதுங்கள். பரிந்துரைக்கு ஓர் ஆசிரியரும் களத்தில் உங்களைப் பார்த்த ஒருவரும் வேண்டும்.

நேர்காணலில் என்னிடம் கேட்ட கேள்வி: “நீங்கள் சொன்னதை உழவர்கள் பின்பற்றவில்லை என்றால் என்ன செய்வீர்கள்?” மீண்டும் அழுத்திச் சொல்வேன் என்று பதில் சொல்லாதீர்கள். ஏன் பின்பற்றவில்லை என்று போய்க் கேட்பேன் என்று சொல்லுங்கள். பணம் இல்லாமல் இருக்கலாம், ஆள் கிடைக்காமல் இருக்கலாம், நம் செய்தியே அந்த மண்ணுக்குப் பொருந்தாமலும் இருக்கலாம்.

படி 6: பணம் கேட்டால் விலகுங்கள்

ஒரு முகவர் என்னிடம் ‘இடம் உறுதிக் கட்டணம்’ என்று எண்பத்தைந்தாயிரம் ரூபாய் கேட்டார். அப்பா நகையை அடகு வைக்கக் கிளம்பிவிட்டார். நல்ல வேளையாக அழைப்புக் கடிதத்தை அனுப்பிய மின்னஞ்சல் முகவரியைக் கூர்ந்து பார்த்தேன், நிறுவனத்தின் பெயரில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. ஐ.நா. தன்னார்வலர் திட்டம் விண்ணப்பத்திலோ தேர்விலோ எந்தக் கட்டத்திலும் பணம் வாங்குவதில்லை. தனிநபர் வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள். சுற்றுலா விசாவில் வந்து பணி செய்யலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

படி 7: தாள்களும் ஊசியும்

பாஸ்போர்ட்டைப் படிக்கும்போதே எடுத்துவிடுவது நல்லது. 36 பக்கப் பாஸ்போர்ட்டுக்குக் கட்டணம் 1,500 ரூபாய். பத்தாம் வகுப்புச் சான்றிதழின் அசலை மறக்க வேண்டாம்.

உகாண்டா போன்ற நாடுகளுக்கு மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லுபடியாகும், அதன்பின் வாழ்நாள் முழுவதும் போதும். சென்னை கிண்டி கிங் நிலையத்தில் போடுகிறார்கள். காட்பாடியிலிருந்து காலை ரயிலில் போய் மாலையில் திரும்பிவிடலாம், ஆனால் எந்த நாளில் போடுகிறார்கள் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து வைத்திருங்கள். திரும்பி வரும்போது நம் விமான நிலையத்திலும் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்திவிடுவார்கள். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

படி 8: அங்கே முதல் மாதம்

முதல் இரண்டு வாரம் கேமராவை வெளியே எடுக்காதீர்கள். சொற்களைச் சேகரியுங்கள்.

நான் போன இடத்திலும் மல்லாட்டை விளைகிறது, கேழ்வரகும் விளைகிறது. கேழ்வரகு தோன்றிய நிலமே கிழக்கு ஆப்பிரிக்காதான். நம் களியைப் போலவே கிண்டிச் சாப்பிடுகிறார்கள். எனக்கு எல்லாம் தெரிந்த ஊர் போலத் தோன்றியது. அந்தத் தைரியத்தில், சுருங்கி மஞ்சளாகிக் குட்டையாக நின்ற மல்லாட்டைச் செடிகளைப் பார்த்து, சத்துக் குறைவு என்று முதல் நிகழ்ச்சிக்குக் குறிப்பு எழுதிவிட்டேன். உடன் பணியாற்றிய உள்ளூர்ப் பெண் அதைப் படித்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் ஒரு செடியின் கொழுந்தைத் திருப்பிக் காட்டினார். அடியில் அசுவினி. அது ரோசெட் என்னும் நச்சுயிரி நோய். ஆப்பிரிக்காவில் மட்டுமே உள்ளது, அசுவினியால் பரவுவது. காலத்தோடு நெருக்கி விதைப்பதுதான் அங்குள்ள உழவர்களின் முதல் தற்காப்பு. வேலூரில் இருபது ஆண்டு மல்லாட்டை பார்த்திருந்தாலும் அதை அறிந்திருக்க முடியாது.

குறிப்பைக் கிழித்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் மல்லாட்டைக்கு அவர்கள் ஊரில் என்ன பெயர் என்று கேட்டேன். அவர் தன் தாய்மொழிச் சொல்லைச் சொல்லி, லுகாண்டா மொழியில் ‘எபின்யெப்வா’ என்றும் எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரம் ஒலிபரப்பான நிகழ்ச்சியில் பேசியவர் அவர். மைக்கைப் பிடித்திருந்தது நான்.