‘சட்டத்தில் ஓட்டை’ என்று சொன்னால் எதைச் சரிபார்ப்பது? கனடாவின் அகதி, குடிவரவு விவாதத்துக்கு ஒரு வழிகாட்டி

கனடாவின் அகதிச் சட்டத்தில் ஓட்டை இருக்கிறது என்று அரசியல்வாதி சொல்கிறார், வானொலிக்கு அழைத்துப் பேசும் நேயர் சொல்கிறார், வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தியும் சொல்கிறது. மூவரும் ஒன்றையே சொல்வதாக நினைத்துத்தான் பெரும்பாலான வாக்குவாதம் வீணாகிறது. சட்ட வாசகத்தில் உண்மையிலேயே விடுபட்ட இடம் ஒன்று. நாடாளுமன்றம் தெரிந்தே வைத்த விலக்கு இன்னொன்று. சட்டம் சரியாக இருக்க, கோப்பு ஆண்டுக்கணக்கில் தேங்குவது மூன்றாவது. நாலாவது அப்பட்டமான மோசடி. சட்டத்தைத் திருத்தி அடைக்கக்கூடியது முதலாவது மட்டும்தான். தேக்கத்துக்கு ஆளும் பணமும் வேண்டும், மோசடிக்குப் புலனாய்வு வேண்டும். ஆகவே கையில் வந்த குற்றச்சாட்டு இந்த நாலில் எது என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

எந்த வாசல் என்று கேளுங்கள்

கனடாவுக்குள் வந்து தஞ்சம் கேட்பவர், வெளிநாட்டிலிருந்து அரசோ தனியார் குழுவோ தேர்ந்து அழைத்து வரும் அகதி, மாணவர், தற்காலிகத் தொழிலாளர், மணமுடித்து வருபவர் எல்லோருக்கும் வாசல் வேறு, விதி வேறு. ‘ஓய்வூதியரைவிட அகதிக்கு அரசு கூடுதல் பணம் கொடுக்கிறது’ என்ற செய்தி இருபது வருடமாக உயிரோடு இருப்பதற்கு இந்தக் குழப்பமே காரணம். அரசு அழைத்து வரும் அகதிக்கு ஒரே ஒரு முறை கொடுக்கும் வீடமைப்புத் தொகையையும் மாத உதவியையும் ஒன்றாகக் கூட்டி, அதை மாதாமாதம் வருவதுபோல் காட்டும் கணக்கு அது. உள்ளே வந்து தஞ்சம் கேட்பவருக்கு அந்தத் திட்டமே கிடையாது. தேவைப்பட்டால் அவர் மாகாணத்தின் சமூக உதவிக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

‘வரிசையைத் தாண்டி வந்தவர்கள்’ என்ற வாதமும் இதே வகை. உள்ளே வந்து தஞ்சம் கேட்பவருக்கு வரிசை என்று ஒன்று இல்லை. நாட்டின் மண்ணில் நின்றுதான் அதைக் கேட்க முடியும்.

பிரிவு எண்ணையும் திகதியையும் எடுங்கள்

அடிப்படைச் சட்டம் 2002 ஜூன் 28-இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம். நீதித் திணைக்களத்தின் தளத்தில் முழு வாசகமும் இலவசமாக இருக்கிறது. அகதி என்றால் யார் என்பதற்குப் பிரிவு 96, 97. அகதிக் கோரிக்கைகளை விசாரித்துத் தீர்க்கும் குடிவரவு, அகதிகள் சபைக்கு (கீழே ‘சபை’) யாருடைய கோரிக்கை போகவே போகாது என்பதற்குப் பிரிவு 101. பொய்த் தகவலுக்குப் பிரிவு 40. இந்த நாலையும் ஒரு தடவை வாசித்தவருக்குப் பாதி வதந்தி தானாக உதிர்ந்துவிடும்.

‘விசாரணையே வைக்காமல் அகதி அந்தஸ்துக் கொடுக்கிறார்கள்’ என்ற குற்றச்சாட்டை எடுத்துப் பாருங்கள். தகவல் உண்மை. ஆனால் அது கசிவு அல்ல, பிரிவு 170(எஃப்) வெளிப்படையாகக் கொடுத்த அதிகாரம்: அமைச்சர் தலையிடவில்லையென்றால் சபை விசாரணை இன்றி ஒரு கோரிக்கையை ஏற்கலாம். நிராகரிப்பதற்கு அந்தக் குறுக்குவழி இல்லை. 1985-இல் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, ஒருவருடைய பேச்சை நம்பலாமா என்பது கேள்வியானால் அவரை நேரில் கேட்டுத்தான் ஆக வேண்டும். எந்த நாட்டுக் கோரிக்கைகளைக் கோப்பைப் பார்த்தே தீர்க்கலாம், பாதுகாப்புச் சோதனை முடிந்ததா என்றெல்லாம் கேட்கலாம். அவை நியாயமான கேள்விகள். விலக்கை ஓட்டை என்று அழைத்தால் அந்தக் கேள்விகளே காணாமல் போய்விடும்.

உண்மையான ஓட்டை எப்படி இருக்கும் என்பதற்கு, கியூபெக்கின் அமெரிக்க எல்லையில் இருக்கும் ரொக்ஸம் வீதியைவிட நல்ல பாடம் இல்லை. அமெரிக்காவுடனான பாதுகாப்பான மூன்றாம் நாடு உடன்படிக்கை 2004 டிசம்பர் 29-இல் தொடங்கியது. இரு நாடுகளில் எதில் முதலில் கால் வைத்தாரோ அங்கேயே தஞ்சம் கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆனால் தரைவழியில் அது அதிகாரபூர்வ எல்லைச் சாவடிகளுக்கு மட்டும் பொருந்தியது. சாவடியில் கேட்டால் திருப்பி அனுப்புவார்கள். சாவடி இல்லாத இடத்தால் நடந்து வந்து கேட்டால் கோரிக்கை சபைக்குப் போகும். 2022-இல் மட்டும் இப்படிக் கியூபெக்குக்குள் 39,000-க்கும் மேற்பட்டோர் வந்தார்கள்; அவர்களில் பெரும்பகுதியினர் வந்தது ரொக்ஸம் என்ற அந்த நாட்டுப்புறத் தெருவால்.

2023 மார்ச் 25-இல் துணை உடன்படிக்கை நடைமுறைக்கு வந்து, ஆறுகள், ஏரிகள் உட்பட எல்லை முழுவதையும் உள்ளடக்கியது. அதிலேயே அடுத்த இடைவெளியும் பிறந்தது: கடந்து 14 நாட்களுக்குள் தஞ்சம் கேட்டால்தான் திருப்பி அனுப்பலாம். எப்போது நுழைந்தார் என்பதைக் காட்டும் பொறுப்பு கோருபவருடையது. பதினைந்தாம் நாள் கேட்டவரை அந்த விதி தொடவில்லை. ‘பதினாலு நாள் ஒளிந்திருந்தால் போதும்’ என்ற பேச்சு இதிலிருந்துதான் வந்தது. ஒளிந்திருக்க இடம் கொடுப்பவனுக்கும் கூட்டி வருபவனுக்கும் அது வியாபாரம் ஆயிற்று என்பதைச் சட்டத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் ஒப்புக்கொள்வார்கள்.

இங்கே அடிக்கடி நடக்கும் பிழை ஒன்று. கனடாவில் உறவினர் இருப்பவர், பெற்றோர் துணையில்லாத சிறுவர், செல்லுபடியான கனடிய விசா வைத்திருப்பவர் போன்றோருக்கு உடன்படிக்கையிலேயே விலக்கு உண்டு. அப்படிச் சாவடியால் வந்து கோரிக்கை செய்தவரைப் பார்த்து ‘ஓட்டைக்குள்ளால் வந்தவர்’ என்கிறார்கள். அவர் முன்வாசலால், விதிப்படி வந்தவர். அதேபோல் 2019-இல் சேர்த்த பிரிவு 101(1)(சி.1) பலருக்குத் தெரிவதில்லை: அமெரிக்கா, பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் ஏற்கெனவே தஞ்சம் கேட்டிருந்தால் கனடாவில் சபை முன் போக முடியாது. ‘நாடு நாடாகப் போய்க் கேட்கிறார்கள்’ என்று இன்று யாராவது குமுறினால் இந்தப் பிரிவின் திகதியைக் காட்டுங்கள்.

மசோதா வேறு, சட்டம் வேறு

2025 ஜூன் 3-இல் அரசு சி-2 என்ற மசோதாவைக் கொண்டுவந்தது. தபாலைத் திறக்கும் அதிகாரம் முதலியவற்றுக்கு எதிர்ப்பு வலுத்ததால், குடிவரவுப் பகுதிகள் பலவற்றை அக்டோபரில் சி-12 என்று தனியே தாக்கல் செய்தது. அதில் இரண்டு தடைகள் முக்கியம். எல்லைச் சாவடி தவிர்த்து அமெரிக்காவிலிருந்து வந்தவர் 14 நாளுக்குப் பிறகு கேட்டாலும் சபைக்குப் போக முடியாது. 2020 ஜூன் 24-க்குப் பிறகு கனடாவுக்குள் முதல் தடவை நுழைந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆனவரும் போக முடியாது. 2025 ஜூன் 3 முதல் செய்த கோரிக்கைகளுக்குப் பின்னோக்கிப் பொருந்தும்படி இவை எழுதப்பட்டன.

ஒரு வருடக் கணக்கைக் கவனமாக வாசியுங்கள். கடைசியாக வந்த நாளிலிருந்து அல்ல, முதல் தடவை வந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். 2021-இல் அக்காவின் கலியாணத்துக்கு இரண்டு வாரம் வந்து திரும்பியவர், 2025-இல் ஊரில் நிலைமை மாறி ஓடிவந்தாலும் கடிகாரம் 2021-இல் ஓடத் தொடங்கிவிட்டது. தடைக்குள் விழுபவர் உடனே நாடுகடத்தப்படுவார் என்பதும் பிழை. அவருக்கு நாடுகடத்தலுக்கு முந்தைய ஆபத்து மதிப்பீடு உண்டு. ஆனால் அதைப் பார்ப்பவர் சபை உறுப்பினர் அல்ல, திணைக்கள அதிகாரி. பெரும்பாலும் கடதாசியிலேயே முடியும். எதிர்ப்பாளர்கள் சுட்டிக்காட்டும் குறை அதுதான்.

ஒரு மசோதாவைப் பற்றி எதையும் பகிருமுன் நாடாளுமன்றத்தின் லெஜிஸ்இன்ஃபோ பக்கத்தில் அதன் எண்ணைத் தட்டுங்கள். முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குழு, மூன்றாம் வாசிப்பு, செனட், அரச ஒப்புதல் என்று எந்தப் படியில் நிற்கிறது என்று காட்டும். ஒப்புதல் கிடைத்தாலும் சில பிரிவுகள் பின்னால் ஒரு நாளில்தான் நடைமுறைக்கு வரும். மசோதாவின் கடைசிப் பக்கங்களில் அது இருக்கும். யூடியூப்பில் ‘புதிய சட்டம் வந்துவிட்டது’ என்று கத்துபவர்களில் பலர் முதல் வாசிப்பைத்தான் சட்டம் என்கிறார்கள்.

எண்ணுக்குக் கீழே என்ன இருக்கிறது

இந்த விவாதத்தில் அதிகம் ஏமாற்றுவது வீதக் கணக்கு. சபை ஒரு கோப்பை நாலு விதமாக மூடலாம்: ஏற்பு, நிராகரிப்பு, கோருபவரே மீளப்பெறுதல், கைவிட்டதாக அறிவித்தல். நூறு கோப்பு மூடப்பட்டதாக வைத்துக்கொள்வோம்; 50 ஏற்பு, 25 நிராகரிப்பு, 15 மீளப்பெற்றவை, 10 கைவிட்டவை. தீர்ப்பான 75-ஐக் கீழே போட்டால் ஏற்பு வீதம் 67. முழு நூறையும் போட்டால் 50. இரண்டும் பொய்யல்ல. ஒரு வருடத்தில் 67 என்று போட்டு அடுத்த வருடத்துக்கு 50 என்று போட்டு ‘சரிந்துவிட்டது’ என்பதுதான் பொய்.

மெக்சிகோ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 2016 டிசம்பரில் நீக்கிய விசாவை 2024 பெப்ரவரி 29 இரவு பெரும்பாலான மெக்சிகோ நாட்டவருக்கு மீண்டும் கொண்டுவந்தபோது, அவர்களுடைய கோரிக்கைகளில் சுமார் 60 வீதம் நிராகரிக்கப்பட்டவை, மீளப்பெற்றவை அல்லது கைவிட்டவை என்று அரசு சொன்னது. பத்திரிகைகளிலிருந்து வாட்ஸ்அப்புக்கு வந்து சேரும்போது அது ‘60 வீதம் பொய்க் கோரிக்கை’ ஆகிவிட்டது. நிராகரிப்பு என்றால் பொய் என்று நிரூபணமானது என்று அர்த்தமில்லை. ஆபத்து உண்டு, ஆனால் அதே நாட்டின் வேறு நகரத்தில் பாதுகாப்பாக இருக்கலாம் என்ற காரணத்தாலும் நிராகரிப்பார்கள்.

அதேவேளை ‘கோரிக்கைகள் கூடவே இல்லை’ என்று மறுப்பவர்களும் தேக்கத்தைப் பார்க்க வேண்டும். 2024 முடிவில் சபையில் காத்திருந்த கோரிக்கைகள் 2 இலட்சத்து 70 ஆயிரத்தைத் தாண்டின. தீர்ப்புக்கு வருடக்கணக்கு ஆகும், அதுவரை வேலை அனுமதி கிடைக்கும் என்றால் பலவீனமான கோரிக்கையும் சிலருக்கு இலாபம்தான். ஆனால் எந்தப் பிரிவைத் திருத்தினாலும் இந்த ஈர்ப்பு குறையாது. கோப்புகள் ஆறு மாதத்தில் தீர்ந்தால் குறையும்.

முன்பு அடைத்தபோது என்ன நடந்தது

புது யோசனை வரும்போது பழைய அனுபவத்தைத் தேடுங்கள். போலிக் கலியாணத்தைத் தடுக்க 2012 அக்டோபரில் ஒரு நிபந்தனை வந்தது: புதிதாக உறவில் இணைந்து வருபவர் இரண்டு வருடம் துணையோடு சேர்ந்து வாழ்ந்தால்தான் நிரந்தர வதிவிடம் நிலைக்கும். அடி வாங்கிய பெண்களும் வெளியேறப் பயந்து இருந்தார்கள். விலக்கு இருந்தது; அது அவர்களுக்குத் தெரியவில்லை, தெரிந்தாலும் நிரூபிக்க வழியில்லை. 2017 ஏப்ரலில் நிபந்தனையை எடுத்தார்கள். அதே 2012-இல் வந்த இன்னொரு விதி இன்றும் இருக்கிறது: துணையால் அழைக்கப்பட்டு வந்தவர், வதிவிடம் கிடைத்து ஐந்து வருடத்துக்குள் வேறொரு துணையை அழைக்க முடியாது. மோசடிக்குக் குறுக்கே நின்றும் அது யாரையும் வீட்டுக்குள் பூட்டவில்லை.

தமிழர் சம்பந்தப்பட்ட பக்கமும் உண்டு. 2010 ஆகஸ்டில் எம்.வி. சன் சீ கப்பலில் 492 பேர் வந்த பிறகு எழுந்த கூச்சலில் 2012-இல் ஒரு சட்டம் பிறந்தது. அமைச்சர் ‘ஒழுங்கற்ற வருகை’ என்று அறிவிக்கும் குழுவில் 16 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கட்டாயத் தடுப்புக் காவல், அகதியாக ஏற்ற பிறகும் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க ஐந்து வருடத் தடை. 2015-இல் உச்ச நீதிமன்றம், முன்பே இருந்த ஆட்கடத்தல் விதிகளை ஆராய்ந்து, தப்பியோடும் வழியில் ஒருவருக்கொருவர் உதவியதை ஆட்கடத்தலாகக் கொள்ள முடியாது, பொருள் இலாபம் இருக்க வேண்டும் என்றது. கப்பல் வந்த பிறகு அந்தத் தீர்ப்புக் கிடைக்க ஐந்து வருடம் ஆயிற்று. அந்த ஐந்து வருடத்தில் கோப்போடு காத்திருந்தவர் யார் என்று கேட்டுப் பார்க்கலாம்.

கருத்தைச் சேர வேண்டிய இடத்தில் சேருங்கள்

நாடாளுமன்ற உறுப்பினருக்கு மக்கள் சபை முகவரியில் கடிதம் போட முத்திரை தேவையில்லை. ஒரு பக்கம் போதும்: பிரிவு எண், என்ன மாற வேண்டும், யாருக்கு என்ன பாதிப்பு. இணைய மனுவைத் தொடங்க ஐந்து ஆதரவாளர்களும், மக்கள் சபைக்குப் போக 500 கையொப்பமும் வேண்டும். கடதாசி மனுவுக்கு 25 போதும். அரசு 45 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். குடியுரிமை இல்லாத வதிவாளரும் கையொப்பமிடலாம். சட்டத்தின் கீழ் அரசே போடும் ஒழுங்குவிதிகளின் மாற்றங்கள் மசோதாவாக வராது. அரசிதழான கனடா கெசட்டின் முதற்பகுதியில் வரைவு வரும், கருத்துச் சொல்லப் பெரும்பாலும் 30 நாள் இருக்கும். அந்த 30 நாளைக் கவனிக்கும் தமிழ் அமைப்புகள் மிகக் குறைவு.

ஓட்டையை விற்பவர்

விவாதம் சூடாகும்போதெல்லாம் ‘அடைக்குமுன் போட்டுவிடுங்கள்’ என்று ஒருவர் வருவார். எல்.எம்.ஐ.ஏ. (வெளிநாட்டுத் தொழிலாளியை அமர்த்தத் தொழில்வழங்குநர் அரசிடம் பெறும் அனுமதி) வேலைக் கடிதம் விலைக்கு உண்டு என்பார். அந்த விண்ணப்பத்தின் 1,000 டொலர் கட்டணம் தொழில்வழங்குநருடையது, தொழிலாளியிடம் அறவிடுவது சட்டவிரோதம். நிரந்தர வதிவிடத்துக்கு ஆட்களைப் புள்ளி போட்டுத் தேர்வுசெய்யும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் வேலைக் கடிதத்துக்கான 50, 200 புள்ளிகளையும் 2025 மார்ச் 25-இல் எடுத்துவிட்டார்கள். புள்ளிக்காக வாங்குபவர் இல்லாத சரக்குக்குக் காசு கொடுக்கிறார். பொய்த் தகவல் பிடிபட்டால் பிரிவு 40-இன்படி ஐந்து வருடத் தடை, விழுவது விண்ணப்பதாரர் தலையில்.

ஆளைச் சோதிக்க எளிய வழி உண்டு. கட்டணம் வாங்கி ஆலோசனை சொல்பவர் சட்டத்தரணியாக, சட்டச் சங்க உரிமம் பெற்ற பரலீகலாக, கியூபெக் நொத்தாரிசாக அல்லது ஆலோசகர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவராக இருக்க வேண்டும். ஆலோசகரானால் பெயரைக் கல்லூரியின் பொதுப் பதிவேட்டில், மற்றவரானால் அவருக்கு உரிமம் கொடுத்த அமைப்பின் பதிவேட்டில் தேடுங்கள். பிறகு, பிரதிநிதி யார் என்று அறிவிக்கும் ஐ.எம்.எம். 5476 படிவத்தில் தன் பெயரையும் உரிம எண்ணையும் எழுதிக் கையொப்பமிடச் சொல்லுங்கள். ‘அது தேவையில்லை, நீங்களே போட்டதாக அனுப்புவோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.