"வயசாகிட்டுதுதானே": சீனி வருத்தக்காரர் கண் விஷயத்தில் விடும் பிழைகள்

வெள்ளவத்தை பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டு, வருவது 100ஆ 101ஆ என்று அம்மா என்னிடம் கேட்கத் தொடங்கி ஒரு வருடம் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. அதுவரை அவர் கேட்பார், நான் சொல்வேன், "வயசாகிட்டுதுதானே" என்று இரண்டு பேரும் சிரித்துவிட்டு ஏறிவிடுவோம். இடையில் காலி வீதியில் ஒரு கடையில் இரண்டு தடவை கண்ணாடியும் மாற்றியாயிற்று. அப்போது அவருக்கு 66 வயது, சீனி வருத்தம் வந்து 14 வருடம். அந்த 14 வருடத்தில் ஒரு தடவையாவது சொட்டு மருந்து விட்டு, கண்மணியை விரித்து, உள்ளே விழித்திரையைப் பார்த்தார்களா என்று கண் டொக்டர் கேட்டபோது நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். இடது கண்ணில் கற்றரக்ட் (கண்வில்லை மங்கிப்போகும் கண்புரை), வலது கண்ணில் விழித்திரைக் கசிவு. இரண்டுக்கும் நாங்கள் வைத்திருந்த ஒரே பெயர் வயசு.

நாங்கள் விட்ட பிழைகளைத்தான் எழுதுகிறேன், சொந்தக்காரர் வீடுகளில் பார்த்தவையும் சேர்த்து.

முதலாவது, எல்லாவற்றுக்கும் தாயானது: "எனக்கு வடிவாத் தெரியுது, பிறகென்ன செக்கப்?" சீனி கூடி நிற்கும் இரத்தம் வருடக்கணக்கில் ஓடும்போது விழித்திரையில் உள்ள மயிரிழை போன்ற குழாய்கள் பலமிழந்து புடைக்கும், கசியும், சில இடத்தில் அடைபடும், இரத்தம் போகாத இடத்தில் புதுக் குழாய்கள் முளைக்கும், அவை ஒழுங்கான குழாய்கள் அல்ல, சட்டென்று வெடித்துக் கண்ணுக்குள் இரத்தத்தைக் கொட்டும். இதில் முக்கால்வாசி நடந்து முடியும்வரை நோவும் இருக்காது, மங்கலும் இருக்காது. பத்திரிகையின் பொடி எழுத்தை வாசிப்பவருக்கும் உள்ளே பழுது நிறைய இருக்கலாம். நம்மில் கனபேருக்கு இருப்பது இரண்டாம் வகை நீரிழிவு. அது எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது, அதனால் கண்டுபிடித்த உடனேயே ஒரு தடவை விழித்திரையைக் காட்ட வேண்டும், அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒரு தடவை. முதலாம் வகை என்றால் வருத்தம் வந்து ஐந்து வருடத்துக்குள். சீனி உள்ள பெண் கர்ப்பமானால் முதல் மாதங்களிலேயே காட்ட வேண்டும்.

அப்புறம் கண்ணாடிக் கடை. அங்கே சுவரில் எழுத்து வாசிக்க வைத்து நம்பர் எடுப்பதும், கண் டொக்டர் மருந்து விட்டு உள்ளே பார்ப்பதும் ஒன்றல்ல. அம்மாவுக்கு இரண்டு கண்ணாடியுமே சரிவராமல் போனதற்கு இன்னொரு காரணமும் இருந்தது, அது எனக்குப் பிறகுதான் விளங்கியது: சீனி ஏறி இறங்கும்போது கண்வில்லைக்குள் நீர் புகுந்து வில்லை உப்பி வற்றுகிறது, பார்வையும் அதோடு மாறுகிறது. சீனி 300இல் நிற்கிற கிழமை எடுத்த நம்பர் அது 140க்கு இறங்கியதும் பொருந்தாது. சீனி சில கிழமைகள் ஒரே சீராக நின்ற பிறகு நம்பர் எடுங்கள். இல்லாவிட்டால் காசு கண்ணாடிக் கடைக்குத்தான்.

"வயசு" என்று ஒரு மூட்டையாகக் கட்டிவைப்பதற்குள் மூன்று நான்கு வருத்தங்கள் கிடக்கின்றன. கற்றரக்ட் எல்லோருக்கும் வயதோடு வரும், சீனி உள்ளவருக்கு முந்தி வரும். குளுக்கோமா என்ற கண்ணழுத்த நோய் வரும் வாய்ப்பு சீனி உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அது ஓரப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்றுகொண்டு வரும், நடுப்பார்வை நன்றாக இருப்பதால் ஆளுக்குத் தெரியாது. விழித்திரையின் நடுப்புள்ளி வயதாலும் தேயும், சீனியால் வீங்கவும் செய்யும். கற்றரக்டுக்கு ஒப்பரேஷன் செய்தால் பார்வை திரும்பும், குளுக்கோமாவில் போனது போனதுதான். எது என்று பார்க்காமல் வயசு என்று சொல்வது சாமானைத் திறக்காமல் விலை சொல்வது மாதிரி. வீட்டில் ஒன்று செய்யலாம்: ஒரு கண்ணைக் கையால் மூடி மற்றக் கண்ணால் யன்னல் கம்பியைப் பாருங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். கம்பி வளைந்தோ நடுவில் அழிந்தோ தெரிந்தால் கிழமை கடத்த வேண்டாம். இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது நல்ல கண் கெட்ட கண்ணை மூடி மறைத்துவிடும். அம்மாவின் வலது கண் அப்படித்தான் எங்களை ஏமாற்றியது. சரியாகத் தெரிந்தால் செக்கப் வேண்டாம் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிளினிக்குக்கு முதல் இரண்டு நாள் பட்டினி கிடந்து நல்ல ரிசல்ட் காட்டுகிற ஆட்களை எல்லோருக்கும் தெரியும், எங்கள் வீட்டிலேயே உண்டு. வெறும் வயிற்றுச் சீனி அந்த ஒரு காலைக்குத்தான் சாட்சி. கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கு எச்பிஏ1சி என்ற இரத்தப் பரிசோதனையில் வந்துவிடும். "சீனியை விட்டாச்சு, பனங்கட்டி கடிச்சுத்தான் தேத்தண்ணி" என்பதும் அதே வகைதான், பனங்கட்டியும் சீனிதான் ஐயா. பிரஷரை யாரும் கண்ணோடு சேர்த்து யோசிப்பதில்லை. 1998இல் வெளிவந்த பிரிட்டனின் பெரிய நீரிழிவு ஆய்வில், பிரஷரை இறுக்கிப் பிடித்த குழுவில் கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் சிறு குழாய்களுக்கு வரும் பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்தன. சீனிக் குளிசையை ஒழுங்காகப் போட்டுவிட்டு பிரஷர் குளிசையைத் தலையிடி வரும்போது மட்டும் போடுகிறவர்கள் இதை இரண்டு தடவை வாசிக்கவும். இன்னொன்று, வருடக்கணக்காகக் கூடிக்கிடந்த சீனியை இன்சுலினால் மளமளவென்று இறக்கும்போது விழித்திரை கொஞ்ச நாளைக்கு மோசமாவது உண்டு. அதற்காக இன்சுலினை விடக்கூடாது, தொடங்குமுன் கண்ணைக் காட்டிக்கொள்ள வேண்டும்.

பாமசியில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்து ஆபத்தானது. சிவப்புக்கும் கடிக்கும் உடனே சுகம் தருகிற சிலவற்றில் ஸ்டெரொயிட் இருக்கும், மாதக்கணக்கில் விட்டால் அதுவே கற்றரக்டையும் கண்ணழுத்தத்தையும் கொண்டுவரும். தேன், தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதையும் கண்ணுக்குள் விட வேண்டாம், சீனி உள்ளவருக்குக் கிருமி பிடித்தால் இலகுவில் ஆறாது. பொன்னாங்காணியைத் தாராளமாகச் சுண்டிச் சாப்பிடுங்கள், கசிகிற குழாயை மட்டும் அது அடைக்காது.

சிகிச்சை தொடங்கியவர்கள் விடும் பிழை வேறு. "லேசர் அடிச்சுத்தான் இவருக்குக் கண் போனது" என்று கொட்டாஞ்சேனையில் ஒரு மாமி எங்களுக்குச் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். உண்மையில் லேசர் போன பார்வையைத் திருப்பித் தருவதற்கல்ல, மிச்சத்தைக் காப்பதற்கு; பிந்திப் போனவருக்கு மிச்சம் குறைவாக இருந்திருக்கும். கண்ணுக்குள் போடும் ஊசியும் அப்படித்தான், ஒன்றோடு முடியாது, தொடக்கத்தில் பெரும்பாலும் மாதத்துக்கு ஒன்று என்று பல தடவை. இரண்டு ஊசியில் தெளிந்துவிட்டது என்று அம்மா மூன்றாவதற்குப் போகாமல் விட, நான்கு மாதத்தில் விழித்திரை வீக்கம் திரும்பிவிட்டது. நானும் அப்போது வற்புறுத்தவில்லை, வேலை என்று விட்டுவிட்டேன்.

நம் நாட்டில் மட்டும் அடிக்கடி கேட்கும் ஒரு நம்பிக்கை: "முடியாவிட்டால் கண்ணை மாற்றலாம்தானே, இலங்கைதானே உலகத்துக்கே கண் அனுப்புது." ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கம் அனுப்புவது கருவிழியின் முன்பக்கக் கண்ணாடிப் படலத்தை. சீனி கெடுப்பது பின்சுவரில் இருக்கும் விழித்திரையை. அதை மாற்ற வழியில்லை.

கற்றரக்ட் "முத்தட்டும்" என்று காத்திருப்பதும் பழைய காலத்துப் பழக்கம். முற்றிய வில்லை தனக்குப் பின்னால் உள்ள விழித்திரையையும் டொக்டர் பார்க்க முடியாமல் மறைக்கும். அம்மாவுக்கு முதலில் வலது கண்ணின் வீக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் இடதுக்கு ஒப்பரேஷன் செய்தார்கள். அது முடிந்ததும் கிளினிக் கொப்பியை அலுமாரியில் வைக்கப் பார்த்தார், விடவில்லை. வில்லை புதிது, விழித்திரை பழையதுதான்.

செக்கப்புக்குப் போகிறவர்களுக்கு: அரச கண் கிளினிக்குகளில் காசில்லை, கொழும்பில் தேசிய கண் வைத்தியசாலை இருக்கிறது, வரிசை நீளம், ஆதலால் வெள்ளெனப் போங்கள். மருந்து விட்டால் நான்கைந்து மணித்தியாலம் கண் கூசும், கிட்டப் பார்வை மங்கும், மோட்டார் சைக்கிளில் போகாதீர்கள், ஒரு ஆளையும் கறுப்புக் கண்ணாடியையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் திடீரென்று கண்ணுக்குள் கறுப்பு நூல்கள் மிதந்தாலோ, மின்னல் வெட்டினாலோ, திரை இழுத்தமாதிரி ஒரு பக்கம் மறைந்தாலோ கிளினிக் திகதியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அன்றைக்கே போக வேண்டும். இரவு என்றாலும்.