தேம்ஸில் இரவு படகைக் கட்ட இடம் பிடிப்பது: ஆப்பைப் பயன்படுத்தும் முறை

கோடையில் சொந்தக்காரர்கள் வந்தால் இங்கிலாந்தின் ரெடிங்கில் வாடகைப் படகு எடுத்து தேம்ஸில் மேல்நோக்கிப் போவது எங்கள் வீட்டு வழக்கம். படகு ஓட்டுவதைக் கம்பெனிக்காரர் கிளம்பும்போதே காட்டிவிடுவார். ராத்திரி எங்கே கட்டுவது என்பது நம் பொறுப்பு. ஆற்று வழிகாட்டி ஆப் எனக்கு அதற்குத்தான் வேண்டும்.

முதல் வேலை, முந்தைய நாளே வீட்டு வைஃபையில் போகிற பகுதியின் வரைபடத்தை இறக்கி வைப்பது. ஆற்றில் எல்லா இடத்திலும் சிக்னல் இருக்காது. சார்ஜ் போடும் வயரும் தண்ணீர் புகாத உறையும் கையோடு இருக்கட்டும்.

அப்புறம் திட்டம். தூரத்தை மட்டும் பார்க்காதீர்கள், லாக்குகளை (நீர்மட்டம் மாறும் இடத்தில் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகளை) எண்ணுங்கள். கேவர்ஷம் லாக்கிலிருந்து கோரிங் வரை சுமார் 17 கிலோமீட்டர். நடுவில் மேப்பிள்டரம், விட்சர்ச். கேவர்ஷம், கோரிங் லாக்குகளையும் சேர்த்தால் மொத்தம் நான்கு. வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர்தான். ஆப்பில் வேகத்தை மாற்ற முடிந்தால் 6 என்று வையுங்கள், எதிர்நீரோட்டத்தில் அதுதான் நடைமுறை. ஒரு லாக்குக்கு 20 நிமிடம். ஆக நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும், ஆகஸ்ட் ஞாயிறு என்றால் வரிசையில் நிற்கும் நேரம் தனி.

இனி கட்டும் இடம். வரைபடத்தில் கரை பச்சையாகத் தெரிவதால் அங்கே கட்டலாம் என்று அர்த்தமில்லை. தேம்ஸ் கரையில் பெரும்பகுதி தனியார் நிலம். கட்டுமிடக் குறியைத் தொட்டால் கட்டணம், எத்தனை மணி நேரம் இருக்கலாம், ஆழம் போன்றவை வரும். கீழே மற்ற படகுக்காரர்கள் எழுதியதையும் படியுங்கள், ஆனால் தேதியைப் பார்த்துப் படியுங்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய குறிப்பை நம்பிப் போகக்கூடாது. கரையில் உள்ள பலகை வேறு மாதிரி சொன்னால் பலகை சொல்வதே சரி.

எப்போதும் மூன்று இடங்களைக் குறித்து வையுங்கள்: நினைத்த இடம், அதற்கு முன்னால் ஒன்று, தாண்டி ஒன்று. கோரிங்கில் இது ரொம்ப முக்கியம். அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கிளீவ் லாக் வந்துவிடும். அதைத் தாண்டினால் அடுத்த லாக்கான பென்சனுக்குப் பத்து கிலோமீட்டருக்கு மேல். கடலின் ஏற்றவற்றம் முடியும் இடமான டெடிங்டனுக்கு மேலே உள்ள தேம்ஸில் லாக்குகளுக்கு நடுவே இவ்வளவு நீளமான பகுதி வேறு இல்லை. கோரிங்கில் இடம் கிடைக்காமல் வாலிங்ஃபர்டு வரை போவதென்றால் இன்னும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். குழந்தைகளும் பெரியவர்களும் இருக்கும் படகில் அது பெரிய விஷயம். அதனால் சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் கட்டிவிட வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருப்பேன்.

‘இடது கரை’ என்று ஆப் சொன்னால் ஆறு ஓடும் திசையைப் பார்த்து நின்றால் வரும் இடது. மேல்நோக்கிப் போகும் நமக்கு அது வலப்பக்கம்.

வெள்ள நிலவரத்தை, ஆற்றை நிர்வகிக்கும் அரசு அமைப்பான என்விரான்மென்ட் ஏஜென்சி லாக்குகளில் பலகையாக வைக்கிறது, இணையத்திலும் போடுகிறது. மஞ்சள் என்றால் நீரோட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது. சிவப்பு என்றால் படகை எடுக்கக்கூடாது. ஆப் பச்சைக்கொடி காட்டினாலும் லாக் கீப்பர் வேண்டாம் என்றால் நின்றுவிடுங்கள். அந்த ஆற்றை அவர் தினமும் பார்க்கிறார்.

கட்டும்போது படகின் முகம் நீரோட்டத்தை எதிர்த்து இருக்க வேண்டும். கீழ்நோக்கி வருகிறீர்கள் என்றால் இடத்தைத் தாண்டிப் போய், திரும்பி, மெதுவாக மேலேறி வந்து கரையைத் தொடுங்கள். முன்கயிறு முதலில், பின்கயிறு அடுத்து. இந்த நேரத்தில் போன் பையில் இருக்கட்டும், கண் கயிற்றிலும் கரையிலும் இருக்கட்டும். நடைபாதைக்குக் குறுக்கே கயிறு போகக்கூடாது. ரொம்ப இறுக்கியும் கட்டாதீர்கள், ஆற்றின் மேல்பகுதியில் மழை பெய்தால் ராத்திரியில் தண்ணீர் ஏறும்.

கட்டி முடித்ததும் நிற்கும் இடத்தை ஆப்பில் குறித்து, பக்கத்து லாக்கின் பெயரோடு வீட்டில் இருப்பவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். 999 அழைக்க நேர்ந்தாலும் இதே விவரத்தைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.