வெடித்துப்போன டேஷ்போர்டை வீட்டிலேயே சரிசெய்ய

மெர்சிடிஸின் டபிள்யூ123 வரிசைக் கார்கள் 1976 முதல் 1986 வரை வந்தன. எஞ்சின் சளைக்காமல் ஓடும்; டேஷ்போர்டுதான் முதலில் கைவிடும். மேலே போர்த்தியிருக்கும் வினைலை மிருதுவாக வைத்திருப்பது அதில் கலந்த பிளாஸ்டிசைசர். வருஷக்கணக்கில் வெயில் பட்டு அது வெளியேறிவிட, வினைல் சுருங்குகிறது. அடியில் ஒட்டியிருக்கும் ஃபோம் விடாமல் பிடித்துக்கொள்கிறது. கடைசியில் கண்ணாடியோரமாக விரிசல் விழுகிறது.

சூட்டுக்கு விரிந்து சுருங்கும் இடம் இது. இறுகிப்போகும் எதையும் இதில் பூசாதீர்கள். கார் பாடியின் நெளிவை நிரப்பும் டிங்கரிங் பட்டி மலிவுதான், ஆனால் கோடை வந்தால் அதே கோட்டில் மறுபடி பிளக்கும். பிளாஸ்டிக் பம்பர் ஒட்டுவதற்கென்று வரும், வளைந்துகொடுக்கும் ஃபில்லரை வாங்குங்கள்.

பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கலாம். முதலில் சோப்புத் தண்ணீரில் துடைத்து, அப்புறம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் போட்டு இரண்டு மூன்று தடவை துடையுங்கள். பளபளப்புக்காக வருஷக்கணக்கில் அடித்த சிலிக்கான் பாலிஷ் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் பெயின்ட் பிடிக்காமல் குழி குழியாக விலகும். தின்னர் பக்கமே போக வேண்டாம். வினைலையும் ஃபோமையும் அரித்துவிடும்.

அடுத்தது பொறுமை கேட்கும் வேலை. விரிசலின் இரு விளிம்பும் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். விரலால் அழுத்திப் பாருங்கள். எம்பி எழுந்தால் அந்த அளவுக்குக் கூரான பிளேடால் சரிவாகச் சீவுங்கள். பள்ளம் மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் வர வேண்டும். தொட்டதும் பொடியாக உதிரும் ஃபோமைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். சீவிய பிறகும் தூக்கி நிற்கும் வினைலை அடியில் பசை தடவிப் படிய வையுங்கள். இரு பக்கமும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் நல்ல வினைலில் கீறல் விழாது.

ஃபில்லரை ஒரே மூச்சில் நிரப்பாமல் மெல்லிய அடுக்குகளாகப் போடுங்கள். கடைசி அடுக்கு சற்று மேடாக நிற்கட்டும். நன்றாகக் காய்ந்தபின் 180 நம்பர் உப்புத்தாளால் தேய்த்து, பிறகு அதைவிட நைசான 320 நம்பரால் தேயுங்கள். கண்ணை நம்பாதீர்கள், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவுங்கள். மேடு பள்ளம் உடனே தெரியும்.

தேய்த்த இடம் வழவழவென்று தனியாகத் தெரியும். அதற்கு, வினைல்போல் சொரசொரப்பைத் தரும் டெக்ஸ்சர் ஸ்பிரேயைத் தள்ளி நின்று லேசாகத் தூவுங்கள். அதன்மேல் வினைல் பெயின்ட்: ஒட்டுப்போட்ட இடத்துக்கு மட்டும் அடித்தால் நிறம் காட்டிக்கொடுக்கும், டேஷ்போர்டு முழுக்க அடியுங்கள். மேட் வகைதான் சரி, பளபளப்பானது கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டும்போது கண்ணைக் கூசவைக்கும். கதவுகளைத் திறந்துவைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு அடியுங்கள்.

விரிசல் ஒன்றிரண்டு என்றால்தான் இந்த வழி. டேஷ்போர்டு முழுக்க வெடித்திருந்தால் மேலே கவிழ்த்து ஒட்டும் பிளாஸ்டிக் மூடி கிடைக்கிறது. புது ரெக்சின் போடுவதென்றால் டேஷ்போர்டையே கழற்ற வேண்டும்; மீட்டர் மேலிருக்கும் வளைவில் சுருக்கம் விழாமல் இழுத்து ஒட்டுவது கைதேர்ந்தவர் வேலை, அதைக் குஷன் கடையிலேயே கொடுத்துவிடுங்கள்.