வேலைக்குப் போற அம்மாக்களுக்கு: பால் டப்பா வாங்குறதுக்கு முன்னாடி இதப் படிங்க

லீவு முடிஞ்சு ஆபீஸ் போகணுமேன்னு உடனே பவுடர் பாலுக்கு மாறிடாதீங்க. ஒரு கிலோ பவுடர் தயாராக, மாட்டுத் தீவனத்துல ஆரம்பிச்சு ஃபேக்டரி வரைக்கும் சுமார் 4,700 லிட்டர் தண்ணி ஆகுதுன்னு ஒரு மதிப்பீடு இருக்கு, அதுபோக மாடு விடுற மீத்தேன், டப்பா, லாரி டீசல், வீட்டுல 70 டிகிரிக்குக் குறையாத சுடுதண்ணில கலக்கணும்னா அதுக்கும் கேஸ். தாய்ப்பாலுக்கு இது எதுவுமே வேணாம்.

கையாலயே பீச்சி, கொதிக்க வெச்ச மூடி போட்ட எவர்சில்வர் டப்பால எடுத்து வைங்க, பிளாஸ்டிக் பை தேவையில்ல. 25 டிகிரி ரூம்னா 4 மணி நேரம் தாங்கும், நம்ம ஊரு வெயிலுக்கு உடனே ஃப்ரிட்ஜ்தான், அதுவும் கதவுல வைக்காம உள்ள தள்ளி, 4 நாளைக்குள்ள குடுத்துடுங்க. அடுப்புல சூடு பண்ணாதீங்க, வெதுவெதுப்பான தண்ணில டப்பாவ கொஞ்ச நேரம் வெச்சா போதும். பாட்டில், நிப்பிளுக்குப் பதிலா வெள்ளி சங்கோ எவர்சில்வர் பாலாடையோ போதும், கழுவுறதும் ஈஸி, அடுத்த குழந்தைக்கும் ஆகும்.

பால் போதாம டாக்டர் பவுடர் எழுதிக் குடுத்திருந்தா தாராளமா குடுங்க, அதுல குத்த உணர்ச்சியே வேணாம்.