எண் சொல்வது ஒன்று, பட்டை காட்டுவது வேறு: வரைபடத் தவறுகள்

பட்டை வரைபடத்தில் பேசுவது பட்டையின் நீளம்தான். எண் இரு மடங்கானால் நீளமும் இரு மடங்காக வேண்டும். இந்த விகிதம் கெடும்போதுதான் படம் பொய் சொல்லத் தொடங்குகிறது.

அதிகம் கெடுவது செங்குத்து அச்சைப் பூச்சியத்தில் தொடங்காததால். மதிப்புகள் 48, 52. அச்சு 40-இல் தொடங்குகிறது என்று வையுங்கள். கண்ணில் படும் உயரங்கள் 8, 12. சுமார் 8 சதவீதக் கூடுதல், ஒன்றரை மடங்காகத் தெரிகிறது. வித்தியாசம் எடுபடவில்லையே என்றுதான் பலர் அச்சை வெட்டுகிறார்கள். சின்ன வித்தியாசம் சின்னதாகத் தெரிந்தால் என்ன குறை? நுண்ணிய ஏற்ற இறக்கத்தைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் கோட்டு வரைபடம் இருக்கிறது.

வரைபடத்தாளில் மாணவர்கள் சறுக்கும் இடம் வேறு. தரவில் 18, 25, 40, 87 என்றிருந்தால், அதே எண்களை அச்சில் சம இடைவெளியில் எழுதிவிடுவார்கள். 18-க்கும் 25-க்கும் இடையே 7. 40-க்கும் 87-க்கும் இடையே 47. இரண்டுக்கும் அதே ஒரு சென்டிமீட்டர்! அளவுத்திட்டத்தை மிகப் பெரிய மதிப்பைப் பார்த்து முடிவு செய்யுங்கள். 1 செ.மீ. = 10 அலகு என்றால் 9 செ.மீ. உயரம் போதும், 87-ஐ 8.7 செ.மீ.-இல் அப்படியே குறிக்கலாம். 1 செ.மீ. = 7 என்று எடுத்தால் ஒவ்வொரு பட்டைக்கும் வகுத்தல் கணக்குப் போட வேண்டிவரும். பட்டைகளின் அகலம் ஒரே அளவில் இருக்கட்டும், இடைவெளியும் அப்படியே.

பட விளக்கப்படத்தில் ஒரு படம் 10 என்றால் 25-க்கு இரண்டரைப் படம். எண்ணிக்கை இரு மடங்கு என்பதற்காக ஒரே படத்தை இரு மடங்கு உயரத்துக்கு இழுக்காதீர்கள். அகலமும் கூடவே விரிந்து பரப்பு 4 மடங்காகிவிடும்.

வட்ட விளக்கப்படத்தில் 1 சதவீதம் 3.6 பாகை. ஒருவரே பல விடைகளைத் தேர்ந்தெடுக்கும் கேள்விக்கு இது ஒத்துவராது, கூட்டுத்தொகை 100-ஐத் தாண்டும். 23, 25 சதவீதத் துண்டுகளில் எது பெரிது என்று கண்ணால் சொல்வதும் கடினம். முப்பரிமாணத்தில் சாய்த்துவிட்டால் முன்னால் இருக்கும் துண்டு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும்!

வகுப்பு இடைவெளிகளை, அதாவது 10–20 போன்ற எண் வரம்புகளை, ஒட்டி ஒட்டி வரையும் நிகழ்வுச் செவ்வகத்தில் அந்த வரம்புகளின் அகலம் சமமில்லை என்றால் உயரத்தை அப்படியே போடக் கூடாது. 10–20-இல் 8 பேர், 20–40-இல் 12 பேர் என்றால் அகலத்தால் வகுத்து 0.8, 0.6 என்று வரைய வேண்டும். இரண்டாவது செவ்வகம் குட்டையாகத்தான் வரும். ஆட்களைச் சொல்வது அங்கே உயரமல்ல, பரப்பு.