சார்ட்டில் எழுதும் எண் முதல் தலையணை வரை: இதய நோயாளி பராமரிப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சில வார்டுகளில் சார்ட்டைப் புரட்டினால் எல்லாருடைய மூச்சு எண்ணிக்கையும் 20 என்றே இருக்கும். நேற்று மாரடைப்பு வந்தவருக்கும் 20, நாளை வீட்டுக்குப் போகிறவருக்கும் 20, குறட்டை விட்டுத் தூங்குகிறவருக்கும் 20. யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். நர்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் அப்படி எழுதியவள்தான். ஆனால் நுரையீரலில் நீர் சேரத் தொடங்கும்போது பல நேரம் முதலில் மாறுவது இந்த எண்தான். ஆக்சிஜன் அளவு கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்துக் காட்டும், மூச்சு அதற்கு முன்பே வேகமாகிவிடும். ஒரு முழு நிமிடம் மார்பு ஏறி இறங்குவதைப் பாருங்கள். எண்ணுகிறோம் என்று அவரிடம் சொல்லாதீர்கள், சொன்னால் மூச்சை மாற்றிக்கொள்வார். நாடி பார்ப்பதுபோல் கையைப் பிடித்துக்கொண்டே எண்ணிவிடலாம்.

இதய வார்டில் நம் கையால் நடக்கும் தவறுகளில் நிறைய இந்த வகைதான். எப்படி அளந்தோம் என்பதை யாரும் கேட்பதில்லை. ஆனால் நாம் எழுதிய எண்ணை நம்பித்தான் மருந்து கூடுகிறது, குறைகிறது, நிற்கிறது.

பிபியையே எடுத்துக்கொள்வோம். பருமனான கையில் சிறிய கஃப் (காற்று அடைக்கும் பட்டை) கட்டினால் அழுத்தம் உள்ளதைவிட அதிகமாகக் காட்டும். ஒல்லியான கையில் பெரிய கஃப் கட்டினால் குறைத்துக் காட்டும். கஃபுக்குள் இருக்கும் காற்றுப்பை கையின் சுற்றளவில் 80 சதவீதத்தையாவது சுற்றி வர வேண்டும். வார்டில் ஒரே ஒரு கஃப்தான் இருக்கிறது என்றால் மற்ற அளவுகளைக் கேட்டு வாங்குவதும் நம் வேலைதான். நோயாளி 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் படட்டும், கை இதய மட்டத்தில் எதன் மீதாவது தாங்கி இருக்கட்டும். கை கீழே தொங்கினால் எண் கூடும், பேசினாலும் கூடும். பேச்சுக் கொடுப்பது பெரும்பாலும் நாம்தான். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா (தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) வைத்த கையில் மட்டும் கஃபைக் கட்டவே கூடாது.

மருந்து மாற்றிய பிறகு தலைசுற்றுகிறது என்று ஒருவர் சொன்னால், உட்கார வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு நார்மல் என்று போய்விடாதீர்கள். படுத்திருக்கும்போது ஒருமுறை, எழுந்து நின்ற 1 நிமிடத்திலும் 3 நிமிடத்திலும் மறுபடி பாருங்கள். மேல் அளவு 20 அல்லது கீழ் அளவு 10 இறங்கினால் அவர் கழிப்பறைக்குத் தனியாகப் போகக் கூடாது.

நாடியில் வேறு ஒரு குறுக்குவழி உண்டு. 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குவோம். துடிப்பு சீராக இருப்பவரிடம் சரி. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன், அதாவது தாறுமாறான இதயத் துடிப்பு, இருப்பவரிடம் சில துடிப்புகள் மணிக்கட்டு வரை வந்து சேருவதே இல்லை. மணிக்கட்டில் 78 கிடைக்கும், இதயமோ 110 முறை துடித்துக்கொண்டிருக்கும். இவர்களுக்கு இடது மார்பில் ஐந்தாவது விலா இடைவெளியில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து முழு 60 விநாடி எண்ண வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் டிகாக்சின் மாத்திரை கொடுப்பதற்கு முன்பும் அப்படித்தான். பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் மாத்திரையை நிறுத்தி வைத்து மருத்துவரிடம் கேளுங்கள். டிகாக்சின் எடுப்பவர் பசியில்லை, குமட்டுகிறது, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்றால் வயிற்றுக் கோளாறு என்று தள்ளிவிடக் கூடாது. கூடவே சிறுநீரைப் பெருக்கும் ஃபுரோசமைடும் போகிறதென்றால் பொட்டாசியம் குறைந்திருக்கலாம். பொட்டாசியம் குறைந்தால் டிகாக்சின் சீக்கிரம் நஞ்சாகும்.

இதயச் செயலிழப்பில் எனக்கு மிகவும் பிடித்த கருவி எடை பார்க்கும் மெஷின். 1 லிட்டர் நீர் உடம்பில் தங்கினால் 1 கிலோ ஏறும், இதில் ஏமாற்று எதுவும் இல்லை. ஆனால் ஒருநாள் காலையில் வெறும் வயிற்றில், மறுநாள் மதியம் சாப்பிட்ட பிறகு, அதற்கடுத்த நாள் வேறு மெஷினில் என்று பார்த்தால் அந்த எண்ணால் பயனில்லை. காலையில் எழுந்து சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன், அதே மெஷினில், ஏறக்குறைய அதே அளவு உடையோடு பார்க்க வேண்டும். ஓரிரு நாளில் ஒன்றரை, இரண்டு கிலோ ஏறினால் கால் வீங்கும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே சொல்லுங்கள். படுத்தே இருப்பவருக்கு நீர் காலில் தேங்காமல் இடுப்புக்குப் பின்னால் தேங்கும். பாதத்தை மட்டும் அழுத்திப் பார்த்து வீக்கம் இல்லை என்று எழுதுவது இதனால்தான் தவறாகிறது. உள்ளே போகும் நீரைக் கணக்கிடும்போது ஊசி மருந்தோடு கலந்து போகும் திரவம், மாத்திரையோடு குடிக்கும் தண்ணீர், வாயில் போடும் ஐஸ் துண்டு எல்லாமே சேரும்.

இசிஜி. நெஞ்சு வலி என்று வந்தவருக்கு 10 நிமிடத்துக்குள் எடுத்துவிட வேண்டும். வேகத்தில் வி1, வி2 என்ற இரண்டு மார்பு லீட்களையும் (ஒட்டும் மின்முனைகளை) மேலே ஒட்டிவிடுவது நாம் அதிகம் செய்யும் தவறு. அவற்றின் இடம் நான்காவது விலா இடைவெளி, மார்பெலும்பின் இரு பக்கமும். கண்ணால் மதிப்பிட்டு ஒட்டினால் இரண்டாவதிலோ மூன்றாவதிலோ போய் நிற்கும், இல்லாத பழைய மாரடைப்பு தாளில் தெரியும். விரலால் எண்ணி இறங்குங்கள். தாளில் ஏவிஆர் என்று குறித்த அலை மேல்நோக்கி வந்திருந்தால் நோயைத் தேடும் முன் கை லீட்கள் இடம் மாறிவிட்டதா என்று பாருங்கள்.

நெஞ்சு வலி என்றதும் ஆக்சிஜன் மாட்டுவது பழைய பாடம். ஸ்வீடனில் 6,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடத்தி 2017-இல் வெளியான ஆய்வில், ரத்த ஆக்சிஜன் அளவு 90 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தவர்களுக்கு ஆக்சிஜன் கொடுத்ததால் இறப்பு குறையவில்லை. 90-க்குக் கீழே போனால் கொடுக்கலாம். சும்மா இருக்கட்டுமே என்று மாட்ட வேண்டாம்.

நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில் நைட்ரேட் மாத்திரை வைக்கும் முன் இரண்டு விஷயம். மேல் பிபி 90-க்குக் கீழே இருந்தால் கொடுக்கக் கூடாது. ஆண்மைக் குறைவுக்கு எடுக்கும் மாத்திரைகளான சில்டெனாஃபில் 24 மணி நேரத்துக்குள்ளோ, டடாலாஃபில் 48 மணி நேரத்துக்குள்ளோ எடுத்திருந்தாலும் கூடாது, பிபி ஆபத்தாக இறங்கிவிடும். அவருக்குச் சொல்லக் கூச்சம், நமக்குக் கேட்கக் கூச்சம். உறவினரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு நேராகவே கேட்டுவிடுங்கள்.

இனி கால். தெரிந்தவர்களும் சறுக்கும் இடம் இது. கால் வலி, கால் வீக்கம் என்றாலே தலையணை வைத்துத் தூக்கி, இறுக்கக் கட்டிவிடுகிற பழக்கம் இருக்கிறது. சிரையில் கோளாறு என்றால் அது சரியான மருத்துவம். ரத்தம் மேலே திரும்பத் திணறுகிறது, நாம் உதவுகிறோம். தமனியில் அடைப்பு என்றால் கதை தலைகீழ். பாதத்துக்கு வருகிற கொஞ்சம் ரத்தத்தையும் தூக்கி வைத்துத் தடுத்துவிடுகிறோம். சிரைக்கால் பொதுவாகச் சூடாக, வீங்கி, கணுக்காலைச் சுற்றிக் கருமையாக இருக்கும். தமனிக்கால் குளிர்ந்து, முடி உதிர்ந்து, தோல் பளபளத்து இருக்கும். இரவில் வலி தாங்காமல் அவரே காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட்டுக்கொண்டு படுப்பார். நல்லெண்ணத்தில் அதை எடுத்து மேலே வைத்துவிடாதீர்கள். கட்டுவதற்கு முன் பாத நாடியைத் தொட்டுப் பாருங்கள். சந்தேகம் இருந்தால் கணுக்கால் அழுத்தத்தைக் கை அழுத்தத்தால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். 0.9-க்குக் கீழே வந்தால் தமனி அடைப்புக்கு அறிகுறி, 0.5-க்குக் கீழே என்றால் இறுக்கக் கட்டுவது ஆகவே ஆகாது. கால் சில்லென்று இருக்கிறதே என்று வெந்நீர்ப் பை வைப்பதும் வேண்டாம். உணர்ச்சி குறைந்த பாதம் வெந்த பிறகுதான் தெரியவரும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் உருவிவிடாதீர்கள், உள்ளே உறைந்த ரத்தம் பெயர்ந்து நுரையீரலுக்குப் போகலாம்.

ஊசிகளில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்சபரின் முன்பே நிரப்பிய சிரிஞ்சில் வரும் காற்றுக் குமிழை, முழு டோஸும் போடுவதாக இருந்தால், வெளியேற்றக் கூடாது. வெளியேற்றினால் மருந்தும் கொஞ்சம் போய்விடும். போட்ட இடத்தைத் தேய்க்கவும் கூடாது, ரத்தம் கட்டும். பொட்டாசியத்தை நேரடியாகச் சிரையில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். கலக்காமல், பம்ப் இல்லாமல் அவசரமாகக் கொடுக்கச் சொன்னால், சொன்னவர் யாராக இருந்தாலும் மறுக்கலாம்.

தொடை வழியே ஆஞ்சியோ செய்து வந்தவரின் கட்டு உலர்ந்திருக்கிறது என்று நிம்மதியாகிவிடாதீர்கள். ரத்தம் முதுகுப் பக்கம் வழிந்து மெத்தையில் தேங்கியிருக்கலாம், அதனால் இடுப்புக்குக் கீழே கையை விட்டுப் பாருங்கள். வெளியே ஒரு சொட்டுகூட வராமல் வயிற்றின் பின்பக்கத்துக்குள்ளேயே கசிவதும் உண்டு. புதிதாக முதுகு வலி, நாடி வேகம், பிபி இறக்கம் மூன்றும் சேர்ந்து வந்தால் படுத்தே இருந்ததால் வரும் வலி என்று விட்டுவிடக் கூடாது.

அப்புறம் தலையணை. மூச்சு வாங்குகிறவரை விரிப்பு மாற்றவோ எக்ஸ்ரே எடுக்கவோ தட்டையாகப் படுக்க வைப்பது நமக்கு இரண்டு நிமிட வேலை, அவருக்கு மூழ்குவது மாதிரி. நிமிர்த்தி உட்கார வைத்தே முடிக்கப் பாருங்கள். காலை டியூட்டிக்கு வந்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, நேற்று ராத்திரி எத்தனை தலையணை வைத்துத் தூங்கினீர்கள் என்பது. இரண்டு வைத்தவர் நான்கு என்று சொன்னாலோ, நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினேன் என்றாலோ அன்றைய ரவுண்ட்ஸில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அவருடையது. சார்ட்டில் இதற்கென்று கட்டம் இருக்காது, ஓரத்தில் எழுதிக்கொள்ளலாம்.